குறும்பதிவுகள்: பேச்சும் வாணிகமும்

செய்தியைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் மனிதனுக்குப் புதிதன்று. 1850ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே நம் நாட்டின் முதல் தந்திக் கம்பி பரிசோதனையாக இழுக்கப்பட்டது. அது முதல், 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும் வரை, ஒன்றரை நூற்றாண்டிற்கும் மேலாக இந்திய மக்கள் சொல்லை எண்ணிச் செலவிட்டு வந்தனர். சொல் ஒவ்வொன்றிற்கும் கட்டணம் உண்டாதலின், அடைமொழிகளும் உபசார வார்த்தைகளும் தந்தி அலுவலகத்து மேஜையிலேயே அடிக்கப்பட்டு விடும். வாழ்த்துக் கூறுவோருக்கெனச் சில தொடர்களை முன்னரே வகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருந்தனர்; எண்ணை எழுதினால் வாழ்த்துப் போய்ச் சேரும். தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தாலே அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து நின்றதன் காரணமும் இக்கட்டணமே. இன்றியமையாத செய்தியன்றி வேறெதற்கும் எவரும் காசு செலவிட மாட்டார்.

இன்று கோடிக்கணக்கானோர் நாள்தோறும் உபயோகிக்கும் குறும்பதிவுத் தளங்கள் இத்தந்தியின் வழித்தோன்றல்கள் எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தந்தியின் சுருக்கம் இவற்றிற்கு வந்து சேர்ந்தது. தந்தியின் கட்டணம் வரவில்லை. செலவில்லாத சுருக்கம் மக்களின் உரையாடலையும் வர்த்தகத்தையும் எங்ஙனம் மாற்றியுள்ளது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நூற்று நாற்பது என்னும் எண்

1985ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பான் நகரில், பிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் தொலைத்தொடர்புப் பொறியியலறிஞர் தம் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்திற்குத் தோன்றிய வினாக்களையும் வாக்கியங்களையும் அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணினார். பெரும்பாலானவை 160 எழுத்துகளுக்குள் அடங்கின. தபால் அட்டைகளில் மக்கள் எழுதும் செய்திகளும் டெலெக்ஸ் செய்திகளும் ஏறத்தாழ இவ்வளவினவே என்பதையும் அவர் கவனித்தார். கைத்தொலைபேசிகளின் கட்டுப்பாட்டுக் குறிகள் செல்லும் சிறு வழியில், பேச்சிற்கு இடையூறின்றி ஒரு குறுஞ்செய்தியை அனுப்ப இயலும் என்பது அக்காலத்து ஆராய்ச்சியின் முடிவு. அவ்வழியில் ஒரே தடவையில் செல்லக்கூடியது 1,120 பிட் அளவுள்ள செய்தியே. ரோமன் எழுத்து ஒன்றிற்கு 7 பிட் போதும். ஆகவே 160 எழுத்துகள்.

2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஒலிப்பதிவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒரு சிறு நிறுவனத்தினர் ட்விட்டர் என்னும் தளத்தைப் பரிசோதனையாகத் தொடங்கினர். ஜாக் டார்சி, பிஸ் ஸ்டோன், இவான் வில்லியம்ஸ், நோவா கிளாஸ் ஆகியோர் அதன் தோற்றத்திற்குக் காரணமானோர். அவ்வாண்டு ஜூலையில் அது பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. தொலைபேசிக் குறுஞ்செய்தி வாயிலாகவே பதிவுகள் போய் வர வேண்டுமென்று அவர்கள் கருதியதால், 160 எழுத்துகளில் 20ஐ அனுப்புவோரின் பெயருக்கு ஒதுக்கி, எஞ்சிய 140ஐச் செய்திக்கு வைத்தனர். உலகத் தலைவர்களும் பாமரரும் பதினோராண்டுகள் தங்கள் எண்ணங்களை அடக்கிக் கொள்ள நேர்ந்த எல்லை இங்ஙனம் ஒரு பொறியியல் வசதியினால் விளைந்ததேயன்றி, பேச்சின் இயல்பை ஆராய்ந்து எவரும் வகுத்ததன்று.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் நலம். தமிழ் முதலிய மொழிகளின் எழுத்திற்கு அதே குறுஞ்செய்தி வழியில் 7 பிட் போதாது. 16 பிட் வேண்டும். ஆகவே 160 எழுத்துகள் செல்லும் இடத்தில் 70 குறிகளே செல்லும். இவையும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. கணிப்பொறி உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொள்வதில்லை. மெய்க்குரிய உருவை ஒரு குறியாகவும், அதனோடு சேரும் கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைத் தனித்தனிக் குறிகளாகவும் எண்ணுகின்றது. "விஞ்ஞானம்" என்னும் சொல்லில் நம் கணக்கின்படி எழுத்து ஐந்து. கணிப்பொறியின் கணக்கின்படி ஒன்பது. பள்ளியில் இலக்கணம் கற்ற எவருக்கும் இது அநியாயமாகவே தோன்றும். 2017 நவம்பரில் ட்விட்டர் தன் எல்லையை 280ஆக உயர்த்திய பொழுது சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றையும் இரண்டாகக் கணக்கிட்டு, அம்மொழியினருக்குப் பழைய எல்லையையே நிலைநிறுத்தியது. தமிழ்க் குறிகளை ஒன்றாகவே கொண்டது. அதற்கு அந்நிறுவனம் கூறிய காரணம் சுவையானது. ஆங்கிலப் பதிவுகளில் 9 சதவிகிதம் 140 என்னும் எல்லையை முட்டி நின்றன. ஜப்பானியப் பதிவுகளில் அங்ஙனம் முட்டியவை 0.4 சதவிகிதமே. ஒரே எல்லை ஒரு மொழியினருக்கு இறுக்கமாகவும் மற்றொரு மொழியினருக்குத் தாராளமாகவும் இருந்தது. எல்லையை உயர்த்திய பின்னர், புதிய எல்லையை முட்டிய ஆங்கிலப் பதிவுகள் ஏறத்தாழ 1 சதவிகிதமாகக் குறைந்தன. இடம் கிடைத்ததும் மக்கள் நீட்டி எழுதத் தொடங்கிவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இத்துறைக்குரிய சொற்களைத் தமிழில் எவரும் குழு அமைத்து ஆக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பறவையின் ஒலியைக் குறிக்கும் ஆங்கிலப் பெயருக்கு ஈடாகக் "கீச்சு" என்றும், அதனை எழுதுபவரைக் "கீச்சர்" என்றும் உபயோகிப்போரே வழங்கினர். கலைச்சொல்லாக்கத்தில் பல்லாண்டுகள் உழன்றோருக்கு இதில் சிறிது பொறாமை எழுவது இயற்கை.

தளம் இயங்கும் முறை

குறும்பதிவுத் தளத்தின் அடிப்படை "பின்தொடர்தல்" என்பதாகும். ஒருவரது பதிவுகளைப் படிக்க விரும்புவோர் அவரது இசைவைப் பெறாமலே அவரைப் பின்தொடரலாம். அவர் பதிலுக்குப் பின்தொடர வேண்டிய கடமை இல்லை. கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 4 கோடியே 17 இலட்சம் கணக்குகளை ஆராய்ந்தனர். இருவர் ஒருவரையொருவர் பின்தொடரும் உறவு 22.1 சதவிகிதமாகவே இருந்தது. நட்பு வட்டத்தைக் காட்டிலும் செய்தித்தாளின் தன்மையே இத்தளத்தில் மிகுதி என்று அவர்கள் முடிவு செய்தனர். ஒரு பதிவைப் பிறர் மீண்டும் பகிர்வதில் பாதி, முதல் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே நிகழ்ந்து விடுகின்றது என்றும், முக்கால் பங்கு ஒரு நாளுக்குள் நிகழ்கின்றது என்றும் அவ்வாய்வு காட்டியது. காலையில் பிறந்து மாலையில் மடியும் ஈசலின் வாழ்நாளே சராசரிப் பதிவிற்கும் வாய்த்தது.

பதிவொன்று எழுதப்பட்டவுடன் அதனைப் பின்தொடர்வோர் ஒவ்வொருவரது பட்டியலிலும் கணிப்பொறி எழுதி வைத்து விடுகின்றது. நூறு பேர் பின்தொடரும் ஒருவருக்கு நூறு இடங்களில் எழுதினால் போதும். கோடிப் பேர் பின்தொடரும் நடிகர் ஒருவர் "காலை வணக்கம்" என்று எழுதினாலோ, கோடி இடங்களில் எழுத வேண்டும். ஆகவே அத்தகையோரின் பதிவை எழுதி வைக்காமல், படிப்பவர் தம் பட்டியலைத் திறக்கும் தருணத்தில் எடுத்துச் சேர்க்கும் முறையை ஏற்படுத்தினர். எழுதும் பொழுது உழைப்பதா, படிக்கும் பொழுது உழைப்பதா என்னும் இச்சிக்கல் பெருந்தொகைச் செய்திகளைக் கையாளும் எல்லா அமைப்புகளுக்கும் பொதுவானது.

உரையாடலுக்கு வேண்டிய குறியீடுகள் பலவற்றை நிறுவனத்தார் கண்டுபிடிக்கவில்லை, உபயோகிப்போரே கண்டுபிடித்தனர். ஒருவரை விளிப்பதற்கு அவர் பெயருக்கு முன் ஒரு குறியிடும் வழக்கம் அங்ஙனம் வந்தது. ஒரே பொருள் பற்றிய பதிவுகளை ஒன்று சேர்ப்பதற்குச் சொல்லின் முன் ஒரு கட்டக்குறியை இடலாம் என்று 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்னும் அமெரிக்கர் முன்மொழிந்தார். இதுவே கொத்துக்குறி. சாமானியர் ஏற்க மாட்டார் என்று நிறுவனத்தார் முதலில் இதனைப் பெரிதாக மதிக்கவில்லை; 2009இல் அவர்களே ஏற்றுக் கொண்டனர்.

பிறர் பதிவை மீண்டும் பகிரும் வழக்கமும் இத்தகையதே. தொடக்கத்தில் பிறர் சொற்களைத் தம் கையால் மறுபடியும் எழுதியே பகிர வேண்டியிருந்தது. எழுதும் பொழுது ஒருமுறை படித்துப் பார்க்கவும், வேண்டுமாயின் ஒரு சொல் சேர்க்கவும், மனம் மாறினால் விட்டு விடவும் வாய்ப்பிருந்தது. 2009 நவம்பரில் இதற்கென ஒரு பொத்தான் அமைக்கப்பட்டது. அப்பொத்தானை உருவாக்கிய பொறியியலறிஞர் கிறிஸ் வெதரெல், பத்தாண்டுகள் கழித்து, சிறு குழந்தையின் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்தது போலாயிற்று என்னும் கருத்தில் வருந்திக் கூறினார். அவர் மிகைப்படுத்தவில்லை என்றே நாம் கருதுகின்றோம். கையால் எழுதும் அச்சிறு தாமதம் தந்திக் கட்டணத்தின் எச்சமாக இருந்தது. பொத்தான் அதனையும் நீக்கிற்று.

விரைவின் பயன்

இத்தளங்களின் நற்பயனை விஞ்ஞான உலகம் விரைவிலேயே உணர்ந்தது. 2008 ஜூனில், செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பீனிக்ஸ் ஆய்வுக்கலம் பனிக்கட்டியைக் கண்ட செய்தியை அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் அக்கலமே தன்மையில் பேசுவது போன்ற குறும்பதிவாக வெளியிட்டனர். 2014 செப்டம்பரில் நம் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய பொழுது, அங்கு முன்னரே இருந்த அமெரிக்காவின் கியூரியாசிட்டி ஊர்தியின் கணக்கிலிருந்து அதற்கு வணக்கம் வந்தது. மங்கள்யானும் பதில் கூறிற்று. வேடிக்கையாகத் தோன்றினும், விண்வெளி ஆராய்ச்சியைப் பள்ளி மாணவரின் பேச்சுக்குள் கொண்டு வந்தது இம்முறையே.

இதனினும் பொருளுடையது நிலநடுக்க ஆராய்ச்சி. டோக்கியோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சகாகி முதலிய மூவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், குறும்பதிவு எழுதும் மனிதனையே ஓர் உணர்கருவியாகக் கொண்டனர். "நிலம் ஆடுகிறது" என்னும் கருத்துள்ள பதிவுகள் ஒரு வட்டாரத்திலிருந்து திடீரெனப் பெருகுமாயின், அங்கு நிலநடுக்கம் நிகழ்ந்தது என்று கணித முறையால் முடிவு செய்யலாம். ஜப்பானிய வானிலை நிறுவனத்தின் அளவுகோலில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கங்களில் 96 சதவிகிதத்தை இம்முறையால் அவர்கள் கண்டுபிடித்தனர். அவர்கள் அனுப்பிய அறிவிப்புகள் ஒலிபரப்பில் வந்த அறிவிப்புகளினும் விரைவாகச் சென்றன. நில அலைகள் நொடிக்குச் சில கிலோமீட்டரே செல்லும். செய்தியோ அதனை எளிதில் முந்தி விடும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய பொழுது இக்கருவியின் இரு தன்மைகளையும் தமிழ்நாடு கண்டது. மின்சாரமும் தொலைபேசியும் பல பகுதிகளில் செயலற்ற நிலையில், நகருக்கு வெளியிலும் வெளிநாடுகளிலும் இருந்தோர், கொத்துக்குறிகளின் கீழ் வந்த வேண்டுகோள்களைத் திரட்டிப் பட்டியலிட்டு, படகு உள்ளவர் யார், உணவு எங்குள்ளது, தங்க இடமளிக்கும் வீடு எது என்பவற்றைப் பொருத்திக் கொடுத்தனர். முன்பின் அறியாதார் தம் வீட்டுக் கதவைத் திறந்து விட்டனர். அதே வேளையில், மீட்கப்பட்டோரைக் குறித்த பழைய வேண்டுகோள்கள் தொடர்ந்து பகிரப்பட்டு, தொண்டர்களை வீணே அலைக்கழிக்கவும் செய்தன. பதிவிற்குப் பிறந்த நேரம் உண்டு. பணி முடிந்ததும் அதனை நிறுத்தும் வழி இல்லை.

எது முன்னே வரும்?

தொடக்கத்தில் பதிவுகள் கால வரிசையில் தோன்றின. 2016 முதல் ட்விட்டர், படிப்பவர் விரும்பக்கூடும் என்று கணிப்பொறி கருதும் பதிவுகளை முன்னே வைக்கத் தொடங்கிற்று. 2023 மார்ச்சில் அந்நிறுவனம் தன் வரிசைப்படுத்தும் முறையின் ஒரு பகுதியை வெளியிட்டது. அதன்படி, ஒருவர் தம் பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1,500 பதிவுகள் பொறுக்கி எடுக்கப்பட்டன. சராசரியாக அவற்றில் பாதி அவர் பின்தொடராதோரின் பதிவுகள். அவர் விருப்பக் குறியிடுவாரா, மறுமொழி எழுதுவாரா, பிறருக்குப் பகிர்வாரா என்பவற்றை முன்கணித்து மதிப்பெண் இடப்படுகின்றது. பதிவு உண்மையா என்பது இம்மதிப்பெண்ணின் இலக்கு அன்று. சினம் கொண்டு எழுதும் மறுமொழியும் மறுமொழியாகவே கணக்கிடப்படும்.

இதன் விளைவை ஆராய்ச்சிகள் அளந்துள்ளன. அமெரிக்க விஞ்ஞான அகாடமியின் இதழில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அரசியல் பிணக்குள்ள பொருள்கள் பற்றிய பதிவுகளில், அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடுந்தோறும் பதிவு பரவும் அளவு 20 சதவிகிதம் உயர்ந்ததாகக் கண்டது. மறு ஆண்டு "சயன்ஸ்" இதழில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை சுமார் 30 இலட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளை ஆராய்ந்து வெளியிட்டனர். பொய்ச் செய்தி மீண்டும் பகிரப்படும் வாய்ப்பு மெய்ச் செய்தியினும் 70 சதவிகிதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்குப் பொய்யைப் போல் ஆறு மடங்கு காலம் வேண்டியிருந்தது. இதற்கு இயந்திரக் கணக்குகளே காரணம் என்று முன்னர்க் கருதியிருந்தனர். ஆனால் அவை மெய்யையும் பொய்யையும் ஒரே அளவில் விரைவுபடுத்தின. எஞ்சிய வேறுபாடு மனிதரால் விளைந்தது. புதுமையும் வியப்பும் பொய்யில் மிகுதியாக இருந்ததே மக்கள் அதனைப் பகிர்ந்ததற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கூறினர்.

பரிகாரமாக முயன்றவற்றுள் ஒன்று பாராட்டத்தக்கது. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட முறையின்படி, ஐயத்திற்குரிய பதிவின் கீழ் உபயோகிப்போரே விளக்கக் குறிப்பு எழுதலாம். அக்குறிப்பு வெளியில் தோன்றுவதற்குப் பெரும்பான்மை வாக்கு மட்டும் போதாது. வழக்கமாகக் கருத்து வேறுபடும் இரு சாராரும் அது பயனுள்ளது என்று ஒப்ப வேண்டும். எதிர்க்கட்சியினரும் ஏற்றால்தான் தீர்மானம் நிறைவேறும் என்பது போன்ற இவ்விதி கணிதத்தால் அமைந்தது. இதன் குறை தாமதமே. பகிர்வில் பாதி முதல் மணியிலேயே நிகழ்வதை மேலே கண்டோம். இரு சாரார் உடன்படுவதற்கு அதனினும் அதிக நேரமாகும்.

கடையும் கடைவீதியும்

2008ஆம் ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கோகி என்னும் பெயருடைய ஓர் உணவு வண்டி புறப்பட்டது. கொரிய முறையில் சுட்ட இறைச்சியை மெக்சிகோ நாட்டு ரொட்டியில் சுருட்டி விற்றனர். கடைக்கு நிலையான இடமில்லை. அன்றிரவு வண்டி எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைக் குறும்பதிவில் அறிவித்தனர். வண்டி வருமுன்பே அங்கு வரிசை நின்றது. கடை வீதி வீதியாகச் செல்ல, வாடிக்கைக்காரர் அதனைத் தேடிச் செல்லும் இவ்வியாபாரம் வாடகையும் விளம்பரச் செலவும் இன்றி நடந்தது. சமையற்கலைஞர் ராய் சோய் அதனால் நாடறிந்தவரானார்.

பெரிய நிறுவனங்களும் பின்தங்கவில்லை. டெல் கணிப்பொறி நிறுவனம், திரும்பி வந்த பொறிகளைச் செப்பனிட்டுக் குறைந்த விலைக்கு விற்கும் தன் கிளையின் பதிவுகளால், 2009 ஜூன் வரை 30 இலட்சம் டாலர் விற்பனை நடந்ததாக அறிவித்தது. அந்நிறுவனத்தின் மொத்த விற்பனையில் இது ஒரு துளியே. ஆயினும் தேங்கும் சரக்கைச் சில மணி நேரத்தில் தள்ளி விடுவதற்கு இதனினும் மலிவான வழி இல்லை என்பது வணிகர் உலகிற்குப் புலனாயிற்று. சீனாவில் 2009 ஆகஸ்டில் தொடங்கிய வைபோ தளத்தில், 140 சீன எழுத்துகளில் ஒரு முழுப் பத்தியே அடங்குமாதலின், விளம்பரமும் விவரமும் அங்கு இன்னும் செழித்தன.

விற்பனையைக் காட்டிலும் குறை கேட்டலிலேயே இத்தளங்கள் வர்த்தகத்தை மிகுதியாக மாற்றியுள்ளன எனலாம். முன்னர், வாங்கிய பொருள் பழுதாயின் கடிதம் எழுதிக் காத்திருப்போம். அக்கடிதத்தை அலுவலகத்தார் தவிர வேறெவரும் காணார். இன்று குறையும் பொதுவில் கூறப்படுகின்றது, மறுமொழியும் பொதுவில் தரப்படுகின்றது. நம் நாட்டில் 2014 முதல் 2017 வரை சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சராக இருந்த பொழுது, ஓடும் ரயிலிலிருந்து பயணிகள் குழந்தைக்குப் பால் வேண்டுமென்றும், நோயாளிக்கு மருத்துவர் வேண்டுமென்றும் எழுதிய பதிவுகளுக்கு அடுத்த நிலையத்தில் உதவி கிடைத்தது. வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் அயல்நாடுகளில் இடர்ப்பட்ட இந்தியரின் பதிவுகளுக்கு நேரே மறுமொழி தந்தார். இது பெரும் நன்மையே. எனினும் பின்தொடர்வோர் இலட்சக் கணக்கில் உடையவரின் குறைக்கு நிறுவனங்கள் அஞ்சுவது போல், கணக்கே இல்லாதவரின் குறைக்கு அஞ்சுவதில்லை. சாளரத்தின் முன் வரிசையில் நிற்பவருக்கும் அதே விரைவில் வேலை நடக்கின்றதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பொதுவில் கூறிய குறையைப் பொல்லாதவரும் படிக்கின்றனர். வங்கியைப் பற்றி ஒருவர் முறையிட்டவுடன், அவ்வங்கியின் பெயரும் சின்னமும் பூண்ட போலிக் கணக்கு ஒன்று முந்திக் கொண்டு மறுமொழி எழுதி, தொலைபேசி எண்ணையும் இரகசியக் குறியீட்டையும் கேட்டுப் பணத்தைக் கவரும் மோசடி பெருகியுள்ளது. இங்ஙனம் பணம் இழந்தோர் 1930 என்னும் தேசிய எண்ணில் உடனே அறிவிக்கலாம்.

ஒரு வாக்கியத்தின் விலை

2013 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கணக்கைக் கைப்பற்றிய சிலர், வெள்ளை மாளிகையில் குண்டுகள் வெடித்து ஜனாதிபதி காயமுற்றார் என்று ஒரு வரி எழுதினர். நியூயார்க் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியெண் சில நிமிஷங்களில் 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. செய்தி பொய்யென்று தெரிந்ததும் மீண்டது. அந்நிமிஷங்களில் பெருநிறுவனப் பங்குகளின் மதிப்பில் 13,600 கோடி டாலர் மறைந்து திரும்பியதாகக் கணக்கிட்டனர். குறும்பதிவுகளைப் படித்துத் தாமே பங்குகளை விற்கும் கணிப்பொறிகள் இச்சரிவை விரைவுபடுத்தின என்பது சந்தையினரின் கருத்து.

2018 ஆகஸ்டில் டெஸ்லா நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க், தம் நிறுவனப் பங்குகளை 420 டாலர் விலைக்கு வாங்கித் தனியார் நிறுவனமாக்க எண்ணுவதாகவும் அதற்குப் பணம் உறுதியாகி விட்டதாகவும் எழுதினார். பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது. அவரும் நிறுவனமும் தலைக்கு 2 கோடி டாலர் செலுத்தி உடன்பாடு செய்து கொண்டனர். 2022 நவம்பரில் ட்விட்டர், கணக்கின் உண்மைத் தன்மைக்கு அடையாளமாக இருந்த நீலக் குறியை மாதக் கட்டணம் செலுத்தும் எவருக்கும் வழங்கத் தொடங்கிய சில நாட்களுக்குள், எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தின் பெயரில் தோன்றிய போலிக் கணக்கு இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரி மறுக்க நேர்ந்தது. மறுநாள் அதன் பங்கு விலை 4 சதவிகித அளவில் இறங்கிற்று. இப்பதிவு ஒன்றே காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. இன்சுலினுக்குப் பணமின்றித் தவிக்கும் நோயாளி ஒருவர் அதனை நம்பியிருப்பின் அவர் அடைந்த ஏமாற்றத்தை எந்தக் குறியெண்ணும் காட்டாது.

பணம் பெற்றுக் கொண்டு பொருளைப் புகழ்வோர் அதனை மறைத்தல் ஆகாது என்பதற்கு நம் நாட்டில் விதிகள் உள்ளன. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இத்தளங்களில் பொருளைப் பரிந்துரைப்பவர் தமக்குக் கிடைத்த பணம், பரிசு, பயணம் முதலியவற்றை எளிய சொற்களில் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். தவறான விளம்பரத்திற்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்யின் 50 இலட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

சந்தை யாருடையது?

2022 அக்டோபரில் மேற்கூறிய மஸ்க், ட்விட்டர் நிறுவனத்தை 4,400 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கினார். ஊழியருள் ஏறத்தாழப் பாதிப் பேர் சில நாட்களில் நீக்கப்பட்டனர். 2023 ஜூலையில் தளத்தின் பெயர் எக்ஸ் என்று மாறிற்று. அதே ஆண்டில், ஆராய்ச்சியாளருக்கு இலவசமாகக் கிடைத்து வந்த தரவு வழி அடைக்கப்பட்டுப் பெருங்கட்டணம் விதிக்கப்பட்டது. மேலே நாம் எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் பல, அவ்வழி திறந்திருந்த காலத்தில் நிகழ்ந்தவை. பொய் பரவும் விதத்தை இனி அளக்க வேண்டுமாயின் அளவுகோலை வாடகைக்கு எடுக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2010 முதல் எல்லாப் பொதுப் பதிவுகளையும் சேமிக்க முனைந்து, 2013 ஜனவரிக்குள் 17,000 கோடிப் பதிவுகளைத் திரட்டியது. 2018 முதல் தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே சேமிப்பது என்று தன் முயற்சியைச் சுருக்கிக் கொண்டது.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு இயைந்ததே. 2020இல் பெங்களூரில் தொடங்கிய கூ என்னும் தளம் கன்னடம், இந்தி, தமிழ் முதலிய மொழிகளில் எழுதுவோருக்கென அமைந்தது. அவ்வாண்டு மத்திய அரசாங்கம் நடத்திய தற்சார்பு இந்தியா செயலிப் போட்டியில் பரிசு பெற்றது. 2021இல் நைஜீரிய அரசாங்கம் ட்விட்டரைத் தடை செய்த பொழுது கூவில் கணக்குத் தொடங்கிற்று. ஆங்கிலம் அறியாத சிறு வணிகர், கவிஞர், ஜோதிடர், உழவர் எனப் பலர் அதில் தங்கள் மொழியிலேயே பின்தொடர்வோரைச் சேர்த்தனர். பெரிய நிறுவனங்களோடு நடத்திய கூட்டுப் பேச்சு பயனளிக்காமையால் 2024 ஜூலையில் தளம் மூடப்பட்டது. நான்காண்டுகள் உழைத்துச் சேர்த்த வாடிக்கைக்காரர் பட்டியல் அத்துடன் போயிற்று. கடை மூடினால் பலகையையாவது கழற்றிக் கொண்டு போகலாம். இங்கு அதுவும் இல்லை.

ஆகவே, எந்த ஒரு நிறுவனத்திற்கும் உடைமையாகாத பொது விதிமுறையின் மேல் இத்தளங்களை அமைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து மற்றொன்றின் முகவரிக்கு எழுதுவது போல், ஒரு தளத்தில் இருப்பவர் மற்றொரு தளத்தில் இருப்பவரைப் பின்தொடர இவ்விதிமுறைகள் இடமளிக்கின்றன. ஜெர்மானியரான யூஜென் ரோச்கோ 2016இல் உருவாக்கிய மாஸ்டடான் இவ்வகையினது. அது பின்பற்றும் ஆக்டிவிட்டிபப் விதிமுறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் தரமாக ஏற்றது. 2024 பிப்ரவரியில் யாவருக்கும் திறந்து விடப்பட்ட புளூஸ்கை வேறொரு விதிமுறையைக் கொண்டது. 2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் தொடங்கி ஐந்து நாட்களில் 10 கோடிப் பேரைச் சேர்த்த திரெட்ஸ் தளமும் ஆக்டிவிட்டிபப் முறையைப் படிப்படியாக ஏற்று வருகின்றது. மாஸ்டடானில் ஒருவர் தம் கணக்கை ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்கு மாற்றிக் கொள்ளும் பொழுது, அவரைப் பின்தொடர்வோர் தாமாகவே உடன் செல்கின்றனர். அவர் முன்னர் எழுதிய பதிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கி விடுகின்றன.